நீதிபதி இருக்கையில் பெண்கள்: விதி எழுதப்பட்ட இடம் வரை மட்டுமே வழி

சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி நீதிமன்றங்களுக்கு ஆவடி சாலையில் பேருந்து ஏறினால் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். பூந்தமல்லி நீதிமன்றம் என்றதும் நாட்டின் நினைவுக்கு வருவது, இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு மரண தண்டனை விதித்த தனி நீதிமன்றமே. சுற்றுவட்டார மக்களுக்கோ பூந்தமல்லி என்பது பட்டா வழக்கு, காசோலை வழக்கு, பிணை மனு, மாதந்தோறும் வாய்தா. இப்பகுதியின் தலித் குடும்பங்கள் அந்த வளாகத்தை மனுதாரராகவோ, சாட்சியாகவோ, குற்றஞ்சாட்டப்பட்டவராகவோதான் பெரும்பாலும் அறிந்திருக்கின்றன. அத்தகைய குடும்பமொன்றின் மகள் அங்கே நீதிபதியின் இருக்கையில் அமர வேண்டுமாயின் எத்தனை படிகளைக் கடக்க வேண்டும், எந்தப் படியில் எது தடுக்கிறது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம்.

பெண் நீதிபதிகளின் இடர்கள் பற்றிய பேச்சு வழக்கமாகத் தனிமனிதத் துணிச்சலின் கதையாகவே முடிந்துவிடுகிறது. தடைகளைத் தாண்டிச் சாதித்தார் என்று பாராட்டிவிட்டு, தடையை வைத்தது யார் என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம். நாம் முன்வைக்கும் கருத்து எளிமையானது. நியமனத்துக்கும் பணிநிலைக்கும் எழுதப்பட்ட விதி எங்கு உண்டோ அங்குப் பெண்கள் வந்து சேர்கிறார்கள். முடிவு மூடிய அறைக்குள் எடுக்கப்படும் இடங்களில் அவர்களின் எண்ணிக்கை சரிகிறது. தலித் பெண்கள் ஏறத்தாழ மறைந்தே போகிறார்கள்.

எண்கள் காட்டும் படிக்கட்டு

உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு மற்றும் திட்டமிடல் மையம் 2023 நவம்பரில் நீதித்துறையின் நிலை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி மாவட்ட நீதித்துறையில் பணியாற்றும் நீதிபதிகளில் 36.3 விழுக்காட்டினர் பெண்கள். உயர் நீதிமன்றங்களில் அது 13.4 விழுக்காடாகக் குறைகிறது. உச்ச நீதிமன்றத்தில் 9.3 விழுக்காடு மட்டுமே. கீழ்ப்படியான உரிமையியல் இளநிலை நீதிபதி பணிக்கான தேர்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், கணக்கெடுக்கப்பட்ட 16 மாநிலங்களில் 14-இல் தேர்வானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

இந்த எண்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விடைத்தாளில் பெயரின்றி மதிப்பெண் இடப்படும் இடத்தில் பெண்கள் பாதிக்கு மேல் வருகிறார்கள். ஆள் பார்த்துப் பரிந்துரைக்கும் இடத்தில் எட்டில் ஒருவராகவும் பத்தில் ஒருவராகவும் சுருங்குகிறார்கள். திறமைக் குறைவே காரணம் என்று கூறுவோர், அத்திறமை தேர்வு அறையில் மட்டும் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிகள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 69 விழுக்காடு இடஒதுக்கீடு அங்குப் பொருந்தும்: பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு 30 விழுக்காடு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இவற்றுள் எதுவும் பொருந்தாது.

வந்த வழி

இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கே 1923-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன் கல்கத்தாவில் ரெஜினா குகாவின் விண்ணப்பமும் பாட்னாவில் சுதான்ஷு பாலா ஹஸ்ராவின் விண்ணப்பமும் அவர்கள் பெண்கள் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டிருந்தன. 1937-இல் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி முன்சீப் ஆனார். 1959-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1862-இல் தோன்றிய சென்னை உயர் நீதிமன்றம் தன் முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரையைப் பெற 1986 வரை காத்திருந்தது. 1992-இல் காந்த குமாரி பட்நாகர் அதன் முதல் பெண் தலைமை நீதிபதி ஆனார். 2020 டிசம்பரில் நான்கு பெண்கள் ஒரே நாளில் பதவியேற்றபோது அங்குப் பெண் நீதிபதிகளின் எண்ணிக்கை 13 ஆயிற்று; அன்றைக்கு நாட்டின் உயர் நீதிமன்றங்களிலேயே அதுதான் மிகுதி.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி 1989 அக்டோபர் 6 அன்று பதவியேற்றார். பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்த அவர், 1958-இல் கேரளத்தில் முன்சீப்பாகப் பணியைத் தொடங்கியவர். கீழமை நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் சென்ற மற்றொரு பெண், ஊத்தங்கரையைச் சேர்ந்த ஆர். பானுமதி. 1988-இல் நேரடி மாவட்ட நீதிபதியாகத் தேர்வான அவர், 1997-இல் புதுக்கோட்டை அமர்வு நீதிபதியாகப் பிரேமானந்தா வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை வழங்கினார். 2014 முதல் 2020 வரை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றினார். தம் இரண்டாம் வயதில் தந்தையைப் பேருந்து விபத்தில் இழந்ததையும், நடைமுறைச் சிக்கல்களால் இழப்பீடு கிடைக்காமலே போனதையும் பணி நிறைவு விழாவில் அவர் நினைவுகூர்ந்தார். முப்பதாண்டுக்கும் மேற்பட்ட நீதிப்பணியில் காரணமின்றி மலை மலையாகத் தடைகள் வந்தன என்றும் கூறினார். உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஓய்வுபெறும் ஒருவரே இவ்வாறு கூற வேண்டியிருந்தது எனில், ஒரு சிற்றூர் நீதிமன்றத்தின் இளநிலை நீதிபதி எவ்வளவைச் சொல்லாமல் விழுங்கியிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம்.

தேர்வு அறைக்கு முன்: மூன்றாண்டு

சென்னீர்குப்பத்து மாணவி ஒருவர் பட்டரைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியில் படித்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுக் கட்டணம் இன்று அவருக்குப் பெருந்தடையன்று. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் பார் கவுன்சில்கள் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் பெறக்கூடாது. முன்பு ஆயிரக்கணக்கில் இருந்த தொகை இது.

அடுத்த படிதான் கடினம். சட்டப் பட்டம் பெற்றவுடன் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதும் வாய்ப்பு 2002 முதல் இருந்துவந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. அதன்பின் வரும் தேர்வுகளுக்கு இது பொருந்தும் என்றது. நீதிமன்ற நடைமுறை தெரியாத இளையோர் நேரடியாக நீதிபதி ஆவது நன்றன்று என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அக்காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த மூன்றாண்டுகளை யார் சம்பளமின்றிக் கழிக்க முடியும் என்பதே நம் கேள்வி.

ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தது வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் அறிவுறுத்தியது. அப்படியோர் ஆணை தேவைப்பட்டதே நிலைமையை விளக்கும். பேருந்துச் செலவுக்கும் மதிய உணவுக்கும் மட்டும் ஆகும் தொகையைக் கையில் வைத்து அனுப்பும் அலுவலகங்களை இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிவர். சீனியரிடம் சேர்வதும் பெரும்பாலும் உறவு, ஊர், சாதித் தொடர்பு வழியேதான் அமைகிறது. தந்தையோ மாமனோ வழக்கறிஞராக இல்லாத தலித் பெண்ணுக்கு அந்தக் கதவைத் தட்டவே ஆளில்லை. இரவு எட்டு மணிக்கு அலுவலகம் முடிந்து தனியே வீடு திரும்புவது, திருமணத்தை இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப் போடுவது என்ற வீட்டாரின் கேள்வி, இடையில் கிடைக்கும் வேறொரு வேலை: இவையெல்லாம் அந்த மூன்றாண்டுக்குள்ளேதான் வந்து நிற்கின்றன. விதி அனைவருக்கும் ஒன்றே. அதன் விலை மட்டும் ஒன்றன்று.

தேர்வு நாளும் பிரசவ நாளும்

ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த, மலையாளி பழங்குடிப் பெண்ணான ஸ்ரீபதி 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் பரவியது. குழந்தை பிறந்த இரண்டாம் நாள், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை வந்து அவர் தேர்வு எழுதியிருந்தார். தமிழ் வழியில் படித்தோருக்கான முன்னுரிமை அவருக்குத் துணை நின்றது. முதலமைச்சர் வாழ்த்தினார், ஊர் மேளதாளத்துடன் வரவேற்றது.

நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அந்தச் செய்தியை மீண்டும் படிக்கும்போது ஒரு கேள்வி எழாமலில்லை. பிரசவித்த இரண்டாம் நாள் ஒரு பெண் மலையிறங்கிப் பயணம் செய்ய நேர்ந்தது ஏன்? பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தேர்வு வந்தால் மாற்று நாள் கேட்க எழுதப்பட்ட வழி இருந்திருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது. அவருடைய உறுதியை வியக்கும் நாம், அந்த உறுதியைக் கட்டணமாகக் கேட்ட ஏற்பாட்டை வியக்கக் கூடாது. அவ்வாறே முயன்று, உடல் இடங்கொடாமல் தேர்வைத் தவறவிட்ட பெண்களின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

பணியும் இல்லமும்

பணியில் சேர்ந்தபின் நீதிபதியின் நாளை மூன்று ஏற்பாடுகள் ஆள்கின்றன. மாதந்தோறும் எத்தனை வழக்குகளை முடித்தார் என்ற கணக்கு ஒன்று. மேலதிகாரி எழுதும் ஆண்டு மந்தண அறிக்கை மற்றொன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பணியிட மாறுதல் மூன்றாவது. மூன்றும் தேவையானவையே. ஆனால் மூன்றும், வீட்டில் சமையலையும் குழந்தையையும் முதியோரையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆணை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை.

மத்தியப் பிரதேசத்தில் 2023-இல் ஆறு பெண் உரிமையியல் நீதிபதிகள் தகுதிகாண் பருவத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வழக்குகளை முடித்த எண்ணிக்கை போதவில்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் இதனைத் தாமாக முன்வந்து விசாரித்தது. நால்வர் முதலில் மீண்டும் சேர்க்கப்பட்டனர். எஞ்சிய இருவரின் பணிநீக்கத்தை 2025 பிப்ரவரி 28 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, என். கோடீஸ்வர் சிங் அமர்வு நீக்கியது. அவர்களுள் ஒருவர் அக்காலத்தில் கொரோனாவுக்கு ஆளாகியிருந்தார்; கருச்சிதைவும் ஏற்பட்டிருந்தது. கருச்சிதைவுற்ற பெண்ணின் உடலும் மனமும் படும் பாட்டை மதிப்பீட்டில் கருதாமல் விட முடியாது என்பதையும், பெண் நீதிபதிகளின் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது, பணிச்சூழலும் அவர்களுக்கு ஏற்றதாக வேண்டும் என்பதையும் அந்த அமர்வு வலியுறுத்தியது. ஆண்களுக்கும் மாதவிடாய் இருந்திருந்தால் இது புரிந்திருக்கும் என்ற பொருளில் நாகரத்னா விசாரணையின்போது கூறியது பலர் நினைவிலும் இருக்கும்.

இரண்டாவது நிகழ்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜார்க்கண்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த, தனியொருவராகப் பிள்ளையை வளர்க்கும் கூடுதல் மாவட்ட நீதிபதி ஒருவர் 2025-இல் ஆறு மாதக் குழந்தைப் பராமரிப்பு விடுப்புக் கேட்டார். பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் வரை அத்தகைய விடுப்புக்கு விதி இடமளித்தது. எனினும் கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றபின் 92 நாள் கிடைத்தது. அதன்பின் தும்காவுக்கு மாறுதல் வந்தது. மகனோ பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். மீண்டும் உச்ச நீதிமன்றம். உயர் நீதிமன்றங்கள் தம் நீதிபதிகளுக்குப் பெற்றோர் நிலையில் இருக்க வேண்டும், இதனைத் தன்மானப் பிரச்சினை ஆக்கக் கூடாது என்ற பொருள்பட அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு ஆகஸ்டில் கூறி, மகனின் தேர்வு முடியும் வரை ஹசாரிபாக் அல்லது பொகாரோவில் அவரை வைத்திருக்கும்படி வழிசெய்தது. விதியில் உள்ள விடுப்பைப் பெறவே ஒரு மாவட்ட நீதிபதி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விதி எழுதப்பட்டிருந்ததால்தான் அவரால் வழக்காடவாவது முடிந்தது.

இருப்பிடமும் கழிப்பறையும் சிறு செய்திகள் போலத் தோன்றும். முன்கூறிய 2023 அறிக்கை, அனுமதிக்கப்பட்ட 25,081 மாவட்ட நீதித்துறைப் பணியிடங்களுக்கு 4,250 நீதிமன்றக் கூடங்களும் 6,021 குடியிருப்புகளும் குறைவு என்கிறது. குடியிருப்பு கிடைக்காத நீதிபதி வாடகை வீடு தேட வேண்டும். தனியாக வரும் பெண்ணிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியும், சிறு நகரங்களில் அவர் கேட்கும் இரண்டாம் கேள்வியும் எவை என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்ற வளாகங்களில் 26 விழுக்காட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா 2021-இல் கூறினார். கழிப்பறை வசதி வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 15 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய அமர்வில் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். மகாதேவனும் இருந்தார்.

புகார் செய்ய இயலாத நீதிபதி

அரசமைப்பின் 235ஆம் உறுப்பு கீழமை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் அளிக்கிறது. அரசாங்கத்தின் தலையீட்டிலிருந்து நீதிபதிகளைக் காக்க இது இன்றியமையாதது. அதே ஏற்பாட்டினால் நியமனம், மாறுதல், மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை அனைத்தும் ஒரே இடத்தில் குவிகின்றன. துன்புறுத்தியவர் அந்த இடத்துக்கே உரியவராயின், பாதிக்கப்பட்ட பெண் நீதிபதி எங்கே செல்வார்? நடத்தை விதிகளின்படி அவர் ஊடகத்திடம் பேச இயலாது. போராட்டத்தில் இறங்கவும் இயலாது.

குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த ஒருவர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுக் கூறினார். 2014-இல் கல்வியாண்டின் நடுவே தொலைவிலுள்ள சீதி மாவட்டத்துக்கு மாற்றப்பட்ட அவர், மகளின் பன்னிரண்டாம் வகுப்பைக் கருதி அவகாசம் கேட்டும் கிடைக்காமல் பதவி விலகினார். விசாரணைக் குழு துன்புறுத்தல் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. மாறுதல் முறையாக இல்லை என்றும் கூறியது. 2022 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், துன்புறுத்தல் குற்றச்சாட்டுக்குள் செல்லாமல், அந்தப் பதவி விலகல் தன் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று என்று கூறி அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. இடையில் கழிந்தவை ஏழரை ஆண்டுகள். 2023 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில் பணியாற்றிய பெண் நீதிபதி ஒருவர், முன்பு பாராபங்கியில் பணியாற்றியபோது தமக்கு நேர்ந்த துன்புறுத்தலைக் குறித்துத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல், உயிரை முடித்துக்கொள்ள அனுமதி கேட்கும் அளவுக்குச் சென்றது.

அழுத்தம் மேலிருந்து மட்டும் வருவதன்று. 2019 நவம்பரில் திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்றத்தில், விபத்து வழக்கொன்றில் பிணையை நீக்கிய பெண் நடுவரை வழக்கறிஞர்கள் சிலர் சூழ்ந்து தடுத்து வைத்தனர். 2025 ஏப்ரலில் டெல்லியில் காசோலை வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞரும் பெண் நீதிபதியைத் திறந்த மன்றத்திலேயே மிரட்டினர். ஆண் நீதிபதியின் கண்டிப்பு அவருடைய மிடுக்காகப் பார்க்கப்படுகிறது. பெண் நீதிபதியின் அதே கண்டிப்பு திமிர் என்று பெயர் பெறுகிறது. வழக்கறிஞர் சங்கத்தில் சாதிச் செல்வாக்கு மிகுந்த ஊரில், அந்தப் பெண் தலித்தாகவும் இருந்தால், அச்சொல்லுடன் வேறு சொற்களும் தாழ்வாரத்தில் ஒலிக்கும்.

நடுநிலை யாருடையது?

1995-இல் ஜெய்ப்பூர் விசாரணை நீதிமன்றம் பன்வாரி தேவி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. மேல்சாதியைச் சேர்ந்தவர்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகவே கூட்டு வன்கொடுமைக்கு ஆளானவர் அவர். அந்த அநீதியிலிருந்து எழுந்த விசாகா வழக்கில், 1997-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்த மூவர் அமர்வில் சுஜாதா மனோகர் என்ற பெண் நீதிபதியும் இருந்தார். இருக்கையில் அமர்வது யார் என்பது தீர்ப்பைத் தொடாது என்று எவரும் கூற இயலாது.

ஆனால் தலித் பெண்ணொருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தனி நீதிமன்றத்தில் அமர்ந்தால், அவர் ஒருதலைச் சார்பினர் என்ற ஐயம் எளிதில் கிளப்பப்படும். ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஆண் அதே இருக்கையில் அமரும்போது அந்த ஐயம் எவருக்கும் தோன்றுவதில்லை. இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கிடைத்தது. அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி, 1975-இல் பெரிய சட்ட நிறுவனமொன்றின் மீதான பாலினப் பாகுபாட்டு வழக்கை விசாரித்தார். அவர் பெண் என்பதாலும், முன்பு குடியுரிமை வழக்குகளை நடத்தியவர் என்பதாலும் விலக வேண்டும் என்று அந்நிறுவனம் கோரியது. நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு பாலும் இனமும் பின்புலமும் உண்டு. அதுவே விலகக் காரணமாயின் எந்த நீதிபதியும் இந்த வழக்கை விசாரிக்க இயலாது என்ற காரணங்காட்டி அவர் மறுத்தார். நம் சட்ட மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விடை இது.

மேல் படி

உச்ச நீதிமன்றம் தொடங்கிய 1950 முதல் 2025 வரை அங்கு அமர்ந்த பெண்கள் பதினொருவர். 2021 ஆகஸ்ட் 31 அன்று மட்டும் மூவர் ஒன்றாகப் பதவியேற்றனர். 2025-இல் பேலா திரிவேதி ஓய்வு பெற்றபின், அனுமதிக்கப்பட்ட 34 இடங்களில் பெண்ணாக எஞ்சியவர் நாகரத்னா ஒருவரே. தலித் நீதிபதிகளின் வரிசை, வேலூர் வட்டாரத்து ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன் 1980-இல் பதவியேற்றதிலிருந்து தொடங்குகிறது. கே.ஜி. பாலகிருஷ்ணனும் பி.ஆர். கவாயும் தலைமை நீதிபதிகளாகவே ஆயினர். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இடம்பெற்ற பெயர் ஒன்றுகூட இல்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தில் இதுவரை ஒரு தலித் பெண் அமர்ந்ததில்லை.

2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் 458 பேர் பொதுப்பிரிவினர்; பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9, பிற பிற்படுத்தப்பட்டோர் 72 என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இத்தகைய விடைகளில் சாதிக் கணக்கும் பெண்கள் கணக்கும் தனித்தனியே வருகின்றன. தலித் பெண் அந்த இரண்டு பத்திகளுக்கும் இடையே விழுந்துவிடுகிறார்.

மேல் படி ஏறியவர்களுக்கும் மாறுதல் என்ற கருவி ஓய்வு கொடுப்பதில்லை. பில்கிஸ் பானு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனைகளை உறுதி செய்த அமர்வில் இருந்த விஜயா தஹில்ரமணி, 75 நீதிபதிகளுக்கு இடமுள்ள சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, நாட்டின் மிகச் சிறிய உயர் நீதிமன்றங்களுள் ஒன்றான மேகாலயாவுக்கு மாற்றப் பரிந்துரைக்கப்பட்டார். மறுபரிசீலனைக் கோரிக்கை ஏற்கப்படாததால் 2019 செப்டம்பரில் பதவி விலகினார். நீதி நிர்வாகத்தின் நலன் கருதி என்ற ஒற்றை வரியே அன்று காரணமாகக் கூறப்பட்டது. அந்த வரிக்குப் பின்னால் இருந்தது என்ன என்று கேட்க எவருக்கும் வழியில்லை.

நாம் கேட்க வேண்டியவை

மேற்கண்ட ஒவ்வொரு படியிலும் எழுதப்பட வேண்டிய விதி ஒன்று காத்திருக்கிறது.

முதலாவது: மூன்றாண்டு அனுபவம் கட்டாயமாயின், அந்த மூன்றாண்டுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் வழக்கறிஞர்களுக்கு அரசு உதவித்தொகை வழங்க வேண்டும். ஜூனியருக்கான குறைந்தபட்சத் தொகை வழங்கப்படுகிறதா என்று பார் கவுன்சில் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

இரண்டாவது: பிரசவத்தை ஒட்டி நீதிபதித் தேர்வு வந்தால் மாற்று நாள் கோரும் உரிமை அறிவிக்கையிலேயே இடம்பெற வேண்டும்.

மூன்றாவது: மகப்பேறு, கருச்சிதைவு, குழந்தைப் பராமரிப்புக் காலங்களில் வழக்கு முடிப்புக் கணக்கு விகிதப்படி குறைக்கப்பட வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையுடைய நீதிபதியின் மாறுதலைத் தள்ளிவைப்பது தயவாக இராமல் விதியாக வேண்டும்.

நான்காவது: பெண் நீதிபதிகளின் துன்புறுத்தல் புகார்களை, அவர்களின் மாறுதலையும் மதிப்பீட்டையும் முடிவு செய்யாத, வெளியாரும் இடம்பெறும் குழு ஒன்று விசாரிக்க வேண்டும்.

ஐந்தாவது: உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனங்களில் சாதியும் பாலினமும் சேர்த்த கணக்கு வெளியிடப்பட வேண்டும். பரிந்துரைக்கப்படாதோர் குறித்தும் காரணம் பதிவாக வேண்டும். இடஒதுக்கீட்டுக் கோரிக்கையை நாம் கைவிடவில்லை. கணக்கு வெளியானால் அக்கோரிக்கை தானாகவே வலுப்பெறும்.

இவற்றுள் எதுவும் பெண்களுக்குச் சலுகை அன்று. விடைத்தாளின் முன் பாதிக்கு மேல் வந்தவர்கள், விதி இருக்கும் இடம் வரை வந்து நிற்கிறார்கள். சென்னீர்குப்பத்தின் மகள் பூந்தமல்லி நீதிமன்றத்தில் நடுவராக அமரும் நாள் தொலைவில் இல்லை. அதற்கான கதவில் தேர்வும் இடஒதுக்கீடும் இருக்கின்றன. அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சாலை வழி ஒரு மணி நேரம். அந்தத் தொலைவை அவர் பணிவாழ்வில் எத்தனை ஆண்டில் கடப்பார் என்பதற்கு இன்று எந்த விதியிலும் விடையில்லை. அந்த விடையை எழுத வைப்பதே நம் பணி.